பக்கவிளைவு இல்லாத மருந்து என்று ஒன்று உண்டா?

"மூலிகைதானே, பக்கவிளைவு ஒன்றும் இல்லை." இந்த வசனத்தை நாம் எத்தனை தரம் கேட்டிருப்போம்! வட்ஸ்அப்பில் வருகிறது, முகநூல் விளம்பரத்தில் வருகிறது, கல்யாண வீட்டுப் பந்தலிலும் வருகிறது. சீனி வருத்தத்துக்கு ஒரு தூள், பிரஷருக்கு ஒரு கசாயம், கிட்னிக் கல்லுக்கு ஒரு வேர். கொஞ்ச நாளில் கிளினிக் குளிசை லாச்சிக்குள் போய்விடுகிறது.

எங்கள் பாடசாலைப் பிள்ளை ஒருவரின் வாப்பா இப்படித்தான் விளம்பரத்தில் வந்த தூளை நம்பி இரண்டு மாதம் குளிசையை நிறுத்தினார். காலில் வந்த சின்னப் புண் ஆறவில்லை. கடைசியில் இரண்டு விரல்களை எடுக்க வேண்டி வந்தது. தூள் விற்றவரின் தொலைபேசி அதன்பிறகு வேலை செய்யவில்லை. அது அந்தப் பிள்ளை ஓ.எல். எழுதும் வருடம்.

உடனே நம்மில் சிலர், "இதுக்குத்தான் நாட்டு மருந்தே வேண்டாம் என்கிறோம்" என்பார்கள். நாம் அந்தப் பக்கமும் இல்லை. ஏனென்றால் 'பக்கவிளைவு இல்லை' என்பது ஆயுர்வேதமோ யூனானியோ சித்தமோ சொன்ன சொல் அல்ல. அது வியாபாரிகள் சொல்வது.

அந்த வைத்தியங்களின் அடிப்படை என்ன? ஆயுர்வேதமும் சித்தமும் வாதம், பித்தம், கபம் என்று பார்க்கின்றன. யூனானி இரத்தம், சளி, மஞ்சள் பித்தம், கரும் பித்தம் என நான்காகப் பார்த்து, ஆளின் 'மிஸாஜை' கணிக்கிறது. இந்தக் கணக்கை இன்றைய விஞ்ஞானம் ஏற்கிறதா என்பது வேறு விவாதம். ஆனால் அதற்குள் ஓர் ஒழுங்கு இருக்கிறது: ஒரே நோய் என்றாலும் ஆளுக்கு ஆள் மருந்து மாறும். நாடி பார்க்காமல், வயதும் உடல்வாகும் கேட்காமல் மருந்து இல்லை. தேனிலா, பாலிலா, சுடுநீரிலா கொடுப்பது என்பதற்கும் கணக்கு உண்டு. அதற்கு அனுபானம் என்று பெயர். பத்தியம் இன்னொரு பக்கம். ஊருக்கெல்லாம் ஒரே தூள் என்பது அந்த வைத்தியத்தின்படியே பிழை.

அதைவிட முக்கியம் சுத்தி முறை. வச்சநாபிக் கிழங்கு இதயத்தையே நிறுத்திவிடக்கூடிய நஞ்சு. அதைப் பாலில் வேகவைத்து, நஞ்சை முறித்த பிறகுதான் மருந்தில் சேர்த்தார்கள். நீண்ட நேரம் வேகும்போது அக்கொனிட்டின் என்ற நஞ்சு உடைந்து வீரியம் குறைவதை இரசாயனவியலும் ஒப்புக்கொள்கிறது. சேராங்கொட்டைக்கும் எட்டிக்கொட்டைக்கும் இப்படித் தனித்தனி முறைகள் உண்டு. மூலிகை தீங்கே செய்யாது என்றால் இவ்வளவு பாடு எதற்கு?

இந்த இடத்தில் டெல்லி ஹகீம் அஜ்மல் கானை நினைக்காமல் இருக்க முடியாது. பரம்பரை யூனானி வைத்தியர். அவர் உருவாக்கிய ஆயுர்வேத, யூனானி திப்பியாக் கல்லூரியை 1921இல் காந்தி திறந்து வைத்தார். முன்னோர் சொன்னதே போதும் என்று இருக்காமல், மூலிகைகளை ஆய்வுகூடத்தில் சோதிக்க வேண்டும் என்று நினைத்தவர். அதற்காக, ஜேர்மனியில் படித்த சலீமுஸ்ஸமான் சித்தீக்கி என்ற இளம் இரசாயனவியலாளரைப் பிடித்தார். 1931இல் சித்தீக்கி சர்ப்பகந்தா வேரிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்து, அப்போது காலமாகியிருந்த ஹகீமின் நினைவாக 'அஜ்மலின்' என்று பெயர் வைத்தார். இதய நோய் ஒன்றைக் கண்டுபிடிக்கும் பரிசோதனையில் இன்றும் அது பயன்படுகிறது.

அதே வேர் இரத்த அழுத்தத்தைக் குறைப்பதை 1949இல் பம்பாய் இதய வைத்தியர் ருஸ்தம் ஜல் வக்கீல் பிரித்தானிய இதயவியல் இதழில் எழுதினார். 1952இல் அதிலிருந்து ரிசர்பின் பிரித்தெடுக்கப்பட்டு உலகமெங்கும் போனது. பிறகு, அதைப் பாவித்த சிலருக்கு மனச்சோர்வு வருவதும் கவனிக்கப்பட்டது. வேலை செய்த மூலிகை, பக்கவிளைவும் காட்டிய மூலிகை, இரண்டும் ஒன்றுதான்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். இணையத்தில் விற்ற 193 ஆயுர்வேத மருந்துகளை அமெரிக்காவில் சோதித்து 2008இல் முடிவை வெளியிட்டார்கள். ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஏதாவது இருந்தது. ஈஸ்வரமூலி வகைச் செடிகளில் உள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைப் பழுதாக்கும், புற்றுநோயையும் உண்டாக்கும் என்பது உறுதியான விசயம். அந்தச் செடி நமது நாட்டிலும் முளைக்கிறது. 'இயற்கை' என்று லேபலில் எழுதிவிட்டால் கிட்னிக்குத் தெரியுமா என்ன?

மல்லித் தண்ணியையும் வேது பிடிப்பதையும் யாரும் விடச் சொல்லவில்லை. நாமும் விடப் போவதில்லை. நாட்டு மருந்துதான் வேண்டும் என்றால், பதிவு பெற்ற வைத்தியரிடம் போவோம். 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டம் சித்த, யூனானி வைத்தியங்களையும் சேர்த்தே பார்க்கிறது; அரச ஆயுர்வேத வைத்தியசாலைகளும் இருக்கின்றன. என்னென்ன குளிசை போடுகிறோம் என்பதை அங்கே மறைக்காமல் சொல்வோம்.

அதேபோல அடுத்த கிளினிக் நாளில், உம்மாவையோ வாப்பாவையோ கூட்டிப் போகும்போது கிளினிக் கொப்பியோடு அந்தத் தூள் போத்தலையும் பையில் போடுங்கள். டொக்டர் ஏசினால் ஏசட்டும். சீனியைக் குறைக்கும் தூளும் குளிசையும் சேர்ந்து ஆளை மயக்கி விழுத்தும் முன்னர் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.