நெருக்கடியில் நடைமுறை மூலதனம்: யார் பணத்தில் யார் சாமர்த்தியம்?

வணிகவியல் படிப்பவர்களுக்கு நடைமுறை மூலதனம் என்றால் ஒரு சூத்திரம். நடப்புச் சொத்துகளிலிருந்து நடப்புப் பொறுப்புகளைக் கழித்தால் வருவது. தேர்வில் ஐந்து மதிப்பெண், முடிந்தது கதை. ஆனால் அந்தச் சூத்திரத்துக்குள் எத்தனை பேருடைய பிழைப்பு அடங்கியிருக்கிறது என்பது பொருளாதார நெருக்கடி வரும்போதுதான் தெரிகிறது.

முதலில் அடிப்படையைப் பார்த்துவிடுவோம். வாங்கிய சரக்கு பொருளாகி விற்க 60 நாள் ஆகிறது. விற்ற பணம் கைக்கு வர இன்னும் 45 நாள். சப்ளையருக்குப் பணம் கொடுக்க நமக்கு 30 நாள் அவகாசம். 60+45-30 = 75. இந்த 75 நாட்களை சொந்தப் பணத்திலோ வங்கிக் கடனிலோதான் ஓட்ட வேண்டும். இந்த எண் குறையக் குறைய நிர்வாகம் திறமையானது என்று நமக்குச் சொல்லித் தருகிறார்கள்.

குறைக்க மூன்று வழிகள் உண்டு. சரக்கை வேகமாக விற்கலாம், வசூலைச் சீக்கிரம் முடிக்கலாம், சப்ளையருக்குத் தாமதமாகக் கொடுக்கலாம். நெருக்கடி காலத்தில் வாங்க ஆளில்லை, வாங்கியவரும் பணம் தருவதில்லை. அதனால் முதல் இரண்டும் கஷ்டம். மூன்றாவது மட்டும் மிகச் சுலபம். 30 நாளை 90 ஆக்கினால் போதும், 75 என்பது 15 ஆகிவிடும். ஆண்டறிக்கையில் பார்க்க அழகாகத்தான் இருக்கும்.

ஆனால் அந்த 60 நாள் எங்கே போனது? சப்ளையர் தலையில்! நம் ஏட்டில் கடனீந்தோராக இருப்பவரின் ஏட்டில் நாம் கடனாளி. பெரிய நிறுவனத்துக்கு வங்கி வட்டி 8%, சிறு பட்டறைக்கு 14% என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கோடி ரூபாயை 60 நாள் தள்ளிப்போட்டால் பெரியவருக்கு வட்டியில் மிச்சம் சுமார் 1.3 லட்சம். சிறியவருக்குக் கூடுதல் செலவு சுமார் 2.3 லட்சம். இருவரையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு லட்சம் நஷ்டம். இதற்குப் பெயர் திறமையா?

இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அமெரிக்க கார் தொழில் நல்ல உதாரணம். 2008 செப்டம்பர் 15-ல் லேமன் பிரதர்ஸ் விழுந்ததும் குறுகிய காலக் கடன் கிடைப்பதே அரிதானது. 2007-ல் சுமார் 1.6 கோடியாக இருந்த அமெரிக்க வாகன விற்பனை 2009-ல் சுமார் 1.04 கோடியாகச் சரிந்தது. ஜெனரல் மோட்டார்ஸ், கிரைஸ்லர் இரண்டிடமும் பணம் தீர்ந்தது. ஃபோர்டு மட்டும் 2006 இறுதியிலேயே தொழிற்சாலைகளையும் தன் நீல நிற முத்திரையையும்கூட அடமானம் வைத்து சுமார் 2,360 கோடி டாலர் கடன் திரட்டி வைத்திருந்தது.

அப்படியானால் போட்டியாளர்கள் ஒழியட்டும் என்று ஃபோர்டு இருந்திருக்கலாமே? அதன் தலைவர் ஆலன் முலாலி அந்த இருவருக்கும் உதவுங்கள் என்று நாடாளுமன்றத்தில் வாதாடினார். காரணம் எளிது. மூவருக்கும் பொதுவான சப்ளையர்கள் ஏராளம். ஜி.எம். பாக்கியைத் தராமல் விழுந்தால் சீட் செய்பவர் விழுவார். சீட் வராவிட்டால் ஃபோர்டு தொழிற்சாலையும் நின்றுவிடும். எதிரியின் பாக்கி என் உற்பத்தியை நிறுத்தும் என்பதை அவர் புரிந்துவைத்திருந்தார்.

2009 மார்ச்சில் அமெரிக்க அரசு, கார் நிறுவனங்கள் உதிரிபாக சப்ளையர்களுக்குத் தர வேண்டிய பணத்துக்கு உத்தரவாதம் தர 500 கோடி டாலர் வரையிலான திட்டத்தை அறிவித்தது. அப்படியும் விஸ்டியான், லியர் போன்ற பெரிய உதிரிபாக நிறுவனங்களே அந்த ஆண்டு திவால் மனு கொடுத்தன.

"முதலில் நிறுவனம் பிழைக்க வேண்டாமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நிஜமாகவே பணம் இல்லாதவரை யாரும் குறை சொல்ல முடியாது. கையில் பணத்தை வைத்துக்கொண்டே இழுத்தடிப்பவர்களைத்தான் நான் சொல்கிறேன். இதற்கு நேர்மாறாக, 2020 மார்ச்சில் கொரோனா பரவியபோது யூனிலீவர் சிறு சப்ளையர்களுக்கு முன்கூட்டியே பணம் தரவும், சிறு கடைக்காரர்களுக்குக் கடன் வசதி தரவும் 50 கோடி யூரோ ஒதுக்குவதாக அறிவித்தது. சூத்திரப்படி பார்த்தால் இது திறமைக் குறைவு! ஆனால் சரக்கு தருபவரும் விற்பவரும் கடையை மூடிவிட்டால் சூத்திரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

நம் நாட்டில் சட்டம் இருக்கிறது. 2006-ம் ஆண்டு சிறு, குறு, நடுத்தரத் தொழில்கள் சட்டப்படி சிறு சப்ளையருக்கு 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் வட்டியும் சேரும். ஆனால் புகார் கொடுத்தால் அடுத்த ஆர்டர் வருமா என்ற பயம் அவரைத் தடுக்கிறதே!

என் கருத்து இதுதான். நெருக்கடியில் ஒரு நிறுவனத்தின் நடைமுறை மூலதனச் சுழற்சி குறைந்திருந்தால் உடனே பாராட்டிவிடக் கூடாது. சரக்கு நிர்வாகத்தாலும் வசூலாலும் குறைந்தது எத்தனை நாள், சப்ளையர் பாக்கியால் குறைந்தது எத்தனை நாள் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். முதலாவது திறமை. இரண்டாவது கேட்காமல் வாங்கிய கடன். ப்ராஜெக்ட்டுக்காக விகிதப் பகுப்பாய்வு செய்யும் நண்பர்கள் 2008-09, 2020-21 அறிக்கைகளில் இதை ஒருமுறை பிரித்துப் பாருங்கள். நல்ல நிர்வாகம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் சில பெயர்கள் அந்தப் பட்டியலிலிருந்து இறங்கக்கூடும்.