அடுப்பங்கரை வழியே ஓர் அயல்நாடு

அயல்நாடு சென்றும் தம் ஊர் உணவையே தேடி அலையும் பயணியர் பலர். ஆயினும், ஒரு நாட்டை அறிய அதன் அடுப்பங்கரையே சிறந்த வாயில் என்பது என் கருத்து.

எத்தியோப்பியாவில் டெஃப் என்னும் சிறுதானிய மாவைச் சில நாள் புளிக்கவைத்து, இஞ்செரா என்னும் அகன்ற அப்பம் சுடுவர். அதன்மேல் குழம்பு வகைகளைப் பரிமாறி, அனைவரும் ஒரே தட்டைச் சூழ்ந்து கையால் உண்பர். அன்பின் அடையாளமாகப் பிறருக்கு ஊட்டும் கவளத்திற்குக் குர்ஷா என்று பெயர். பின்னர்க் காப்பிக்கொட்டையை விருந்தினர் கண்முன்னே வறுத்து, இடித்து, ஜெபனா என்னும் மண்குடுவையில் கொதிக்கவைத்து, மூன்று முறை வழங்குவர். முதல் கோப்பையுடன் எழுந்து செல்வது பண்பாகாது.

பழகாத உணவு ஒவ்வாதே எனச் சிலர் தயங்குவர். புலால் உண்ணாதோருக்கும் அங்கு வழியுண்டு. மரபுவழிக் கிறித்தவர் நோன்பு நோற்கும் புதன், வெள்ளிக்கிழமைகளில் பருப்பும் காய்கறியும் சேர்ந்த உணவு எளிதில் கிடைக்கும்.

உணவின் சுவையை விடுதியிலும் விலைகொடுத்துப் பெறலாம். மூன்றாம் கோப்பை வரை நீளும் உரையாடலோ நேரம் தருவோர்க்கே கிட்டும். ஆதலால், அயல்நாடு செல்வோர் காணும் இடங்களின் எண்ணிக்கையைச் சற்றுக் குறைத்து, ஒரு வீட்டு விருந்துக்கென மாலைப்பொழுது ஒன்றை ஒதுக்குதல் நன்று.