தக்காளி நட முன் வேலிக்கு அங்காலும் பாருங்கள்



இந்த மாதம் நான் விட்ட ஒரு பிழையைச் சொல்லித் தொடங்குகிறேன்.

சென்ற வருடம் சித்திரை கழிந்த கையோடு எங்கள் குழுவிலுள்ள ஓர் அக்கா கடன் கேட்டு வந்தார். கணவர் 2009 இல் காணாமல் போனவர். இரண்டு பெண்பிள்ளைகளும் நடமாட இயலாத மாமியும் அவருடைய பொறுப்பில் இருக்கிறார்கள். நல்லூர்ப் பக்கத்தில் இரண்டு பரப்புக் காணியைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். ஒரு பரப்பில் தக்காளி போடுவது அவருடைய திட்டம். "கோயில் கொடியேற நல்ல விலை வரும் பிள்ளை. எல்லாத்தையும் ஒரேயடியாக் கட்டி முடிச்சிடுவன்" என்றார்.

கடன் விண்ணப்பத்தோடு 'இடர் மதிப்பீடு' என்று ஒரு படிவம் உண்டு. அதை நிரப்பியது நான்தான். வேறு கடன் இருக்கிறதா, வீட்டில் உழைக்கக்கூடியவர்கள் எத்தனை பேர், கிணற்றில் தண்ணீர் நிற்குமா என்று எல்லாம் கேட்டேன். எல்லாவற்றுக்கும் நல்ல பதில். சிபாரிசு எழுதிக் கையொப்பம் வைத்தேன். தோட்டத்துக்கு ஒருநாள்கூடப் போகவில்லை.

600 கன்றுகள் நட்டார். நாலாம் கிழமை நுனி இலைகள் மேல்நோக்கிக் கிண்ணம்போல் சுருண்டன. ஓரம் மஞ்சளித்தது. கன்று வளராமல் பற்றைபோல் குறுகி நின்றது, பூத்த பூவும் கொட்டியது. நாலு முறை மருந்து அடித்தும் பயனில்லை. தேர் ஓடிய நாளில் அந்த அக்காவிடம் விற்கத் தக்காளி இருக்கவில்லை, கிழமைக் கடன் மட்டும் இருந்தது.

பிறகுதான் விவசாயப் போதனாசிரியரை அழைத்துக்கொண்டு அந்தத் தறைக்குப் போனேன். நான் படித்தது சமூகவியல், பூச்சி பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அன்று அவர் காட்டியதையும் பின்னர் நான் தேடி அறிந்ததையும் உங்களுக்கு எழுதுகிறேன்.

இந்த நோய்க்கு இலைச்சுருள் என்று பெயர். இதை உண்டாக்குவது வைரசு. அந்த வைரசைச் செடிக்குச் செடி காவுவது வெண் ஈ. டெங்குவை நினைத்துப் பாருங்கள். நுளம்பு நோயாளியைக் கடித்துவிட்டு மற்றவரைக் கடித்தால் நோய் தொற்றுகிறது. வெண் ஈயும் நோயுள்ள செடியில் அரை மணித்தியாலமளவு சாறு உறிஞ்சினாலே வைரசு அதன் உடலுக்குள் போய்விடும். ஒரு நாள் கழிந்தால் அது போய் இருக்கிற செடிக்கெல்லாம் தொற்ற வைக்கும். ஈயின் ஆயுள் சில கிழமைதான் என்றாலும் அதற்குள் அது எத்தனையோ கன்றுகளில் இருந்து எழும்பிவிடும். நல்ல வேளையாக இந்த வைரசு மனிதருக்குத் தொற்றாது. நோய்ப்பட்ட செடியில் காய்த்த பழத்தைப் பிள்ளைகளுக்குப் பயமில்லாமல் கொடுக்கலாம்.

அண்மைய வருடங்களில் யாழ்ப்பாணத்துத் தென்னோலைகளில் வெள்ளை மாப் படிந்ததுபோல் இருந்ததைக் கண்டிருப்பீர்கள். அதையும் வெண் ஈ என்றுதான் சொல்கிறோம், ஆனால் அது வேறு இனம். தக்காளிக்கு இலைச்சுருளைக் கொண்டு வருவது சுமார் ஒரு மில்லிமீற்றர் அளவான சிறிய ஈ. இலையின் அடிப்பக்கத்தில் இருக்கும். செடியைத் தட்டினால் தூள்போல் எழும்பி மறுபடியும் இலைக்கடியில் போய் ஒட்டிக்கொள்ளும்.

டெங்குக் காலத்தில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீட்டுக்கு வந்தால் காய்ச்சல் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுவிட்டுப் போவதில்லை. சிரட்டை, ரயர், பூச்சாடி, பக்கத்து வளவு என்று எல்லாம் பார்ப்பார். தக்காளிக்கும் அப்படித்தான் பார்க்க வேண்டும். நாங்கள் கன்றை மட்டுமே பார்த்தோம்.

அந்தத் தறையின் தென்மேற்கு மூலையில் பக்கத்துக்காரர் மாசியில் பழம் பறித்து முடித்த பழைய தக்காளிச் செடிகள் பிடுங்கப்படாமல் நின்றன. அத்தனையும் சுருண்டவை. அதற்கு அங்கால் ஆட்கள் வெளிநாட்டில் இருக்கும் ஒரு வெறுவளவு, முழுக்கப் பாதீனியம். இந்தியப் படைகள் இங்கு இருந்த 1987–1990 காலத்தில் ஆடுகளுடனும் தீனுடனும் வந்து சேர்ந்தது என்று எங்கள் ஊரில் சொல்லும் அதே பாதீனியம்தான். தோலில் கடியும் தும்மலும் மட்டுமே அதனால் வரும் என்று நினைத்திருந்தேன். தக்காளி இலைச்சுருள் வைரசு தங்கும் களைகளில் அதுவும் ஒன்று என்று தென்னிந்திய ஆய்வுகள் காட்டியுள்ளன. பயிரில்லாத மாதங்களில் வைரசு இப்படியான களைகளிலும் கைவிட்ட செடிகளிலும் காத்திருக்கிறது.

அடுத்தது காற்று. வெண் ஈ தானாக அதிக தூரம் பறக்காது, காற்றுத்தான் அதைக் கொண்டுபோகும். வைகாசி தொடங்கி அடிப்பது சோளகம், அதாவது தென்மேற்குக் காற்று. பழைய செடிகள் நின்றதும் தென்மேற்கு மூலையில்தான். வேறு என்ன சொல்ல!

மூன்றாவது காலம். நல்லூர்க் கொடியேற்றம் ஆடி அமாவாசைக்குப் பின் ஆறாம் நாள். அன்றிலிருந்து 25 நாட்களும் எங்கள் வீடுகளில் மச்சம் இல்லை, ஆகவே மரக்கறிக்கு விலை. அந்த விலைக்குப் பழம் பறிக்க வேண்டுமானால் வைகாசியில் கன்று நட வேண்டும். மழை இல்லாத, வெய்யில் எரிக்கும் அந்த மாதங்களில்தான் வெண் ஈ பெருகும். முட்டையிலிருந்து ஈயாக மூன்று கிழமை போதும். மாரி மழை அவற்றை அடித்து விழுத்திவிடும். எனவே ஐப்பசி, கார்த்திகையில் நடுபவர்களுக்கு இந்தப் பயம் குறைவு. ஆனால் அந்தத் தக்காளி தையிலும் மாசியிலும் எல்லோரிடமும் ஒரேயடியாகப் பழுத்து, சந்தையில் கேட்பாரற்றுக் கிடக்கும். திருவிழா விலை ஏன் உயர்ந்து நிற்கிறது என்று நான் அதுவரை யோசித்ததில்லை. தேவை கூடுவது ஒரு காரணம். அந்தக் காலத்தில் பலருடைய கன்று தப்பாமல் போவது மற்றக் காரணம்.

நாலாவது கன்றின் வயது. இதை நன்றாகக் கவனியுங்கள். பூக்க முன் நோய் தொற்றினால் அந்தக் கன்றில் அநேகமாக ஒன்றும் கிடையாது. காய் பிடித்த பிறகு தொற்றினால் இலை சுருண்டாலும் ஓரளவு பறிக்கலாம். எனவே நாற்றுமேடையும் நட்ட முதல் ஐந்தாறு கிழமையும்தான் காவல் வேண்டிய காலம். இந்த வைரசு பொதுவாக விதையால் வருவதாகச் சொல்லப்படுவதில்லை. ஆனால் வாங்கும் கன்றோடு நிச்சயமாக வரும். தொற்றிய பிறகு இலை சுருள இரண்டு மூன்று கிழமை செல்லும் என்பதால், சந்தையில் பச்சைப் பசேலென்று இருக்கும் கன்றும் நோயோடு இருக்கலாம். அந்த அக்கா கன்று வாங்கியது திறந்த மேடையில் நின்ற நாற்று.

நாற்றுமேடையை மூட நுளம்பு வலை உதவாது. அதன் கண்ணுக்குள்ளால் வெண் ஈ இலகுவாக நுழைந்துவிடும். ஓர் அங்குலத்துக்கு 50 கண் உள்ள நெருக்கமான நைலோன் வலை வேண்டும். சேலைத்துணியால் மூடிப் பார்த்த ஒருவர் எங்களிடம் இருக்கிறார். வெளிச்சம் போதாமல் கன்றுகள் நெட்டையாகச் சோர்ந்து போயின.

ஈ வந்துவிட்டதா என்று அறிய மஞ்சள் நிறம் உதவும். வெண் ஈக்கு மஞ்சளில் ஆசை. மஞ்சள் பிளாஸ்ரிக் கானை வெட்டி விரித்து, கிறீஸ் பூசி, கன்றின் உயரத்துக்குத் தடியில் கட்டினால் வந்து ஒட்டும். அது எல்லா ஈயையும் பிடித்துக் கொல்லும் என்று நம்ப வேண்டாம், அது ஒரு காவற்காரன் மாத்திரம். கிழமைக்கு இரண்டு நாள், வெய்யில் ஏற முன், தறையின் நாலு பக்கத்திலும் நடுவிலுமாக இருபது கன்றுகளைத் தெரிந்து இலையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். கொப்பியில் எழுதுங்கள். இத்தனை ஈ இருந்தால்தான் ஆபத்து என்று நான் ஓர் எண் தரமாட்டேன். பக்கத்தில் நோய்ச்செடி இல்லாவிட்டால் நூறு ஈயும் வெறும் சாறு குடிப்பவைதான். பக்கத்தில் நோய்ச்செடி நின்றால் இளங்கன்றுக்கு ஒரு சில ஈயே போதும்.

சுருண்ட இலை எல்லாம் வைரசும் அல்ல. மத்தியான வெய்யிலில் தண்ணீர் போதாமல் அடி இலைகள் சுருளும், ஆனால் பச்சையாகவே இருக்கும், நுனி வளர்ந்துகொண்டிருக்கும். மைற்றா என்னும் சிற்றுண்ணி தாக்கினால் இலை கீழ்நோக்கி மடியும். அயல் வயலில் அடித்த களைநாசினி காற்றில் வந்தாலும் இலை கோணும். பனிப்பூச்சி காவும் வேறொரு வைரசும் தக்காளிக்கு உண்டு. ஆகவே இரண்டு கொப்பை ஒரு பையில் போட்டுக்கொண்டு கமநல சேவை நிலையத்துக்குப் போங்கள். போதனாசிரியரிடம் காட்டாமல் கடைக்காரர் சொல்லும் போத்தலை வாங்காதீர்கள். சுருண்ட இலையை எந்த மருந்தும் நிமிர்த்தாது. ஈயைக் கொல்லும் மருந்துகூட அது கடித்த பிறகு அடித்தால் பிந்திய வேலை. அடித்த மருந்தையே திரும்பத் திரும்ப அடித்தால் ஈ பழகிவிடும், அதைத் தின்னும் நல்ல பூச்சிகள் செத்துவிடும். அக்கா நாலு முறை அடித்த காசு அப்படித்தான் போனது. மிஞ்சிய போத்தல் குசினித் தட்டில் இருந்தது. மனம் நொந்த பெண்கள் இருக்கும் வீட்டில் அதைப் பூட்டி வைக்க வேண்டும், அல்லது வாங்காமலே விட வேண்டும்.

விதை வாங்கும்போது 'நோய் எதிர்ப்பு' என்ற சொல்லைக் கேட்டு மயங்காதீர்கள். எந்த நோய்க்கு என்று திருப்பிக் கேளுங்கள். எங்கள் பக்கத்துக் கடைகளில் கிடைக்கும் திலின இனம் பற்றீரியா வாடலைத் தாங்கும், இலைச்சுருளுக்கு அது காவல் அல்ல. கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்தில் 1999 இல் புதுவகை வெண் ஈ பெருகித் தக்காளித் தோட்டங்களை அழித்தது. பெங்களூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் இலைச்சுருளைத் தாங்கும் நந்தி, சங்கராந்தி, வைபவ் ஆகிய இனங்களை உருவாக்கியது. அங்குள்ள வைரசும் இங்குள்ளதும் ஒன்றேயல்ல என்பதால், அப்படியான இனம் கைக்கு வந்தாலும் முதலில் இருபது கன்று நட்டுப் பார்ப்பதே புத்தி.

பிடுங்குவதைப் பற்றிச் சொல்ல வேண்டும். பூக்க முன் சுருண்ட கன்றைக் கண்டவுடன் காலையில், ஈ சோம்பி இருக்கும் நேரத்தில், ஒரு பையால் மூடிப் பிடுங்கிப் புதைக்க வேண்டும். சும்மா இழுத்தால் அதிலுள்ள ஈ அடுத்த கன்றுக்குப் போய்விடும். காய் பிடித்த செடியைப் பிடுங்கத் தேவையில்லை. அக்காவிடம் முதற்கிழமையே சுருண்டவை பத்துப் பன்னிரண்டுதான். "தண்ணி ஊத்தி வளர்த்ததை எப்பிடிப் பிள்ளை பிடுங்கிறது? நாளைக்கு நிமிரும் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான்" என்றார். நான் அதற்கு மறுமொழி சொல்லவில்லை. பதினைந்து வருடங்களுக்கு மேலாக ஒருவரை எதிர்பார்த்துக் காத்திருக்கும் ஒருவரிடம் அதை எடுத்த எடுப்பில் சொல்ல முடியாது. கார்த்திகையில் அவர் மறுபடி 200 கன்று நட்டபோது, குழுவில் இன்னொரு சகோதரி கூடப் போய்ப் பிடுங்கினார். மொத்தம் 9 கன்று. மிச்சம் காய்த்தது. மாசி விலைக்கு விற்றதில் கடனில் ஒரு பகுதி கட்டுப்பட்டது, பெரிய லாபம் ஒன்றுமில்லை.

இந்த வருடம் மறுபடி திருவிழாத் தக்காளிக்குக் கேட்டிருக்கிறார். நான் வேண்டாம் என்றேன். குழு என் பேச்சை முழுதாக ஏற்கவில்லை. "ஒரு வருசம் பட்டதுக்காக நல்ல விலையை ஏன் விடுவான்?" என்று கேட்டார்கள், அதுவும் நியாயம். கடைசியில் 150 கன்றுக்கு மட்டும், வலைக்குள் வளர்த்த நாற்றுக்கு மட்டும் என்று முடிவாயிற்று. மிச்சத் தறையில் சின்ன வெங்காயமும் கீரையும். வெண்டி போடலாமா என்று கேட்டார். வெண்டி இலையில் நரம்பு மஞ்சளிக்கும் நோயைக் கொண்டு வருவதும் இதே வெண் ஈதான் என்பதால் அதை விட்டுவிட்டோம்.

எங்கள் இடர் மதிப்பீட்டுப் படிவத்தின் பின்பக்கத்தில் இப்போது கையால் எழுதிய நாலு கேள்விகள் இருக்கின்றன: நாற்று எங்கிருந்து, எந்த மாதம் நடுகை, காற்று வரும் பக்கம் என்ன நிற்கிறது, சுருண்டதைப் பிடுங்கத் துணைக்கு யார். பக்கத்துக்காரர் பழைய செடிகளை உழுதுவிட்டார். கேட்டவுடனேயே செய்தார், சென்ற வருடம் யாரும் அவரிடம் கேட்கவில்லை என்பதுதான் விசயம். வெறுவளவின் சொந்தக்காரருடன் கிராம அலுவலர் மூலம் தொலைபேசியில் பேசியிருக்கிறோம். துப்புரவாக்கச் சம்மதம் சொல்லிவிட்டார். படலைத் திறப்பு கொக்குவிலில் ஓர் உறவினரிடம் இருக்கிறதாம். வருகிற சனிக்கிழமை மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தினர் கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு, பாதீனியம் பூக்க முன் போகிறார்கள்.