வெள்ள நிவாரணமும் வட்டிக் கடனும்

2022ஆம் வருஷம் ஜூன் மாதம் தொடங்கி ஓயாது பெய்த பெருமழையினால் பாகிஸ்தானில் 3 கோடியே 30 லட்சம் ஜனங்கள் வெள்ளத்தின் கொடுமைக்கு ஆளாகி, 1,700 பேருக்கு மேல் மாண்டு, 20 லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகள் இடிந்தும் சேதமுற்றும் போய், சிந்து மாகாணத்தில் பருத்தி விளைந்து நின்ற நிலமெல்லாம் மாதக்கணக்கில் நீருக்கடியில் கிடந்த அந்தத் துயரம், எல்லைக்கு அப்பால் நிகழ்ந்தது என்ற காரணத்தால் நாம் மறந்துவிடத் தக்கதன்று. மஞ்சர் ஏரி தானே உடைத்துக்கொண்டால் சேவான் பட்டணம் முழுகிவிடும் என்றஞ்சி, அதிகாரிகளே அதன் கரையை வெட்டிவிட, சுற்றுக் கிராமங்களிலிருந்து சுமார் ஒரு லட்சம் பேர் வெளியேற நேர்ந்தது. ஓர் ஊரைக் காப்பதற்கு வேறு பல ஊர்களை வெள்ளத்துக்கு ஒப்புக்கொடுக்கும் நிர்ப்பந்தம் எந்தத் தேசத்துக்கும் வரலாகாது.

நீர் வடிந்தபின், உலக வங்கி முதலிய ஸ்தாபனங்கள் பாகிஸ்தான் சர்க்காருடன் கூடிக் கணக்கிட்டதில், புனர்நிர்மாணத்துக்கு மட்டும் 1,630 கோடி டாலருக்குக் குறையாமல் வேண்டும் என்று தெரியவந்தது. 2023 ஜனவரி 9ஆம் தேதி ஜெனிவாவில் கூடிய மகாநாட்டில் 900 கோடி டாலருக்கு மேல் வாக்களிக்கப்பட்டது. உலகத்தின் மனிதாபிமானம் வற்றிவிடவில்லை என்று அன்று பலரும் மகிழ்ந்தார்கள். ஆனால் அத்தொகையில் ஏறக்குறைய நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு, மூன்று வருஷங்களில் வழங்கப்படும் திட்டக் கடன்களே என்பதை அந்நாட்டு நிதி மந்திரி இஷாக் டார் பின்னர் தெரிவித்தார். முன்னமே அன்னியக் கடன் பாரத்தால் நசுங்கிக் கிடந்த ஒரு தேசத்துக்கு, வீடிழந்த நாளிலும் கிடைத்தது மேலும் கடன்தான். 2019இல் இடாய்ப் புயல் பெய்ரா நகரத்தைச் சிதைத்த பிறகு மொஸாம்பிக்குக்குச் சர்வதேச நாணய நிதியம் அளித்த 11 கோடியே 82 லட்சம் டாலரும், வட்டியில்லாதது எனினும், கடனே.

பாகிஸ்தான் வெள்ளத்துக்கு ஒரு வருஷம் முன்பு, 2021 ஜூலையில், ஜெர்மனியின் ஆர் நதிப் பள்ளத்தாக்கிலும் அதன் அண்டைப் பிரதேசங்களிலும் வெள்ளம் வந்து 180 பேருக்கு மேல் இறந்தபோது, அந்தச் சர்க்கார் 3,000 கோடி யூரோ வரையில் நிதி ஒதுக்கி, வீடு சேதமுற்ற குடும்பங்களுக்கு நஷ்டத்தில் 80 சதவிகிதம் வரை மானியமாகவே அளித்தது. அது மிகச் சரியான காரியம். வெள்ளத்தில் யாவும் இழந்தவனிடம் அசலும் வட்டியும் கேட்பது அதர்மம் என்பதை ஐரோப்பிய சர்க்கார்கள் தங்கள் பிரஜைகள் விஷயத்தில் நன்றாக அறிந்திருக்கின்றன. அதே தர்மம் சிந்து மாகாணத்துக் குடியானவனுக்கும் உரியது என்பதே நம் வாதம்.

இதனை வெறும் தயையாகவும் நாம் கருதவில்லை. வெப்பமூட்டும் வாயுக்களை வெளியிடுவதில் பாகிஸ்தானின் பங்கு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. தொழிற்புரட்சிக் காலந்தொட்டு உலகம் வெளியிட்ட கரியமிலவாயுவில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு அமெரிக்காவுடையது. சிறு தீவு நாடுகளின் சார்பில் வனுவாட்டு 1991லேயே இழப்பீட்டு ஏற்பாடு ஒன்று கோரியது. அதன்பின் முப்பத்தொரு வருஷங்கள் கழித்து, பாகிஸ்தான் வெள்ளத்தின் நினைவு மாறாதிருந்த 2022 நவம்பரில், ஷர்ம் அல்-ஷேக் பருவநிலை மகாநாட்டில்தான் இழப்பு மற்றும் சேத நிதிக்குச் சம்மதம் கிடைத்தது. மறுவருஷம் துபாயில் கூடிய மகாநாட்டில் அதற்கு வாக்களிக்கப்பட்டது சுமார் 70 கோடி டாலர். அதில் அமெரிக்கா முன்வந்து சொன்னது 1 கோடியே 75 லட்சம். 2025இல் அந்நாடு அந்நிதியின் நிர்வாகக் குழுவிலிருந்தே விலகிக்கொண்டது. அதே வருஷம் ஜூலையில் சர்வதேச நீதிமன்றம், பருவநிலையைக் காப்பது தேசங்களின் சட்டக் கடமை என்றும், அதில் தவறுவோர் இழப்பீட்டுக்குப் பொறுப்பாக நேரலாம் என்றும் அபிப்பிராயம் கூறியிருக்கிறது.

ஏழை நாடுகளுக்குக் கொடுக்கும் பணம் ஊழலில் கரைகிறது, ஆற்றங்கரையில் விடுதி கட்ட அனுமதித்ததும் வடிகால்களைத் தூர்ந்துபோக விட்டதும் அவர்கள் குற்றமன்றோ என்று ஆட்சேபிப்போர் உண்டு. இரண்டிலும் உண்மை இருக்கிறது. அதை நாம் மறைக்க விரும்பவில்லை. ஆயினும் அனுமதி கொடுத்த அதிகாரியின் தவற்றுக்கு, கூரையிழந்த ஏழையைத் தண்டிப்பது நியாயமாகாது. வழியில்லாமலும் இல்லை: சிந்துவில் 21 லட்சம் வீடுகளைக் கட்டும் திட்டத்தில், வீட்டுக்கு 3 லட்சம் பாகிஸ்தான் ரூபாய் என்று, வேலை நடந்த அளவைப் பரிசோதித்துத் தவணை தவணையாகப் பயனாளியின் வங்கிக் கணக்குக்கே பணம் செல்கிறது. இத்தகைய நல்ல திட்டத்துக்கும் உலக வங்கி அளித்த 50 கோடி டாலர் கடனாகவே வந்தது என்பதுதான் வேதனை.

சமீப காலத்தில் செல்வமடைந்த எண்ணெய் நாடுகளும் சீனாவும் இப்பொறுப்பில் பங்கேற்கவேண்டும். துபாயில் ஐக்கிய அரபு அமீரகம் 10 கோடி டாலர் அறிவித்தது வரவேற்கத்தக்கது. எனினும் முதற்கடமை, நெடுங்காலம் புகைவிட்டுப் பொருள் சேர்த்த தேசங்களையே சாரும். ஜெனிவாவில் வாக்களித்த சர்க்கார்களும் ஸ்தாபனங்களும் பாகிஸ்தானின் புனர்நிர்மாணக் கடன்களை மானியமாக மாற்றவேண்டும். பேரிடர் வந்த நாட்டிடம் பழைய கடன்களுக்கான தவணைகளை வசூலிப்பதை உடனே நிறுத்திவைக்கும் ஷரத்து ஒவ்வொரு கடன் பத்திரத்திலும் இடம்பெறவேண்டும். இவற்றைச் சர்வதேச சபைகளில் வற்புறுத்துமாறு இந்திய சர்க்காரைக் கேட்டுக்கொள்கிறோம்; அண்டை நாட்டுடன் நமக்குள்ள பகை இதற்குத் தடையாக இருக்கலாகாது.