சிக்கனம் ஊதியத்திற்கு ஈடாகாது

கேரளத்தின் பொதுச் சுகாதாரத்தை வீடுவீடாகச் சென்று காப்பவர்கள் ஆஷா ஊழியர்கள். 2025 பிப்ரவரி 10 அன்று திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின் முன் அவர்கள் போராட்டம் தொடங்கியபோது, மாநில அரசு தந்த மதிப்பூதியம் மாதம் 7,000 ரூபாய், ஆண்டுக்கு 84,000. அதோடு சொற்ப ஊக்கத்தொகை. வாடகை, அரிசி, மருந்து, பிள்ளைகளின் படிப்பு அனைத்தும் இதற்குள் அடங்க வேண்டியிருந்தது.

துண்டு விழும்போது கைகொடுப்பவர்கள் அண்டை வீட்டாரும், 1998இல் தொடங்கிய குடும்பஸ்ரீயின் அயல்கூட்டங்களும்தான். சிறுகச் சேமித்து ஒருவருக்கொருவர் கடன் கொடுக்கும் இத்தோழமை போற்றத்தக்கது. ஆனால் அக்கடனை அடைப்பதும் அதே மதிப்பூதியத்திலிருந்துதான். ஏழைக்கு ஏழை செய்யும் உதவி, அரசு தர மறுக்கும் ஊதியத்தின் இடத்தை நிரப்பாது.

ஒன்றிய அரசோ இவர்களைத் 'தன்னார்வலர்கள்' என்றே வைத்திருக்கிறது. திட்டப் பணியாளர்களைத் தொழிலாளர்களாக அங்கீகரித்து, குறைந்தபட்ச ஊதியமும் சமூகப் பாதுகாப்பும் வழங்குமாறு 2013இல் 45ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு பரிந்துரைத்தது. அது இன்றும் கிடப்பில் கிடக்கிறது. போராட்டம் எட்டு மாதங்களைக் கடந்த பின்னரே மதிப்பூதியம் 1,000 ரூபாய் உயர்ந்தது; கோரியதோ 21,000.

இரு அரசுகளும் ஒன்றையொன்று கைகாட்டியது போதும். உழைக்கும் பெண்களுக்குத் தேவை சிக்கனப் பாடமல்ல, உழைப்புக்கேற்ற ஊதியம்.