பேர் இல்லாத குப்பை
போலி சார்ஜர் என்றதும் வெடித்த போனைப் பற்றித்தான் பேச்சு. அந்த சார்ஜர் செத்தபின் எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை. 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகள் தயாரிப்பாளரை நம்பியே நிற்கின்றன: சந்தைக்கு அனுப்பியவரே மறுசுழற்சிக்கும் பொறுப்பு. கடலூர் பேருந்து நிலையத்திலோ சிதம்பரம் தேரோடும் வீதிகளிலோ நூறு ரூபாய்க்கு வாங்கும் சரக்கில் அச்சடித்த பெயரே பொய்யென்றால், அந்தப் பொறுப்பை யார் தலையில் கட்டுவது? போதாக்குறைக்கு, போலிக்குத் தாய்வீடே குப்பைதான். அமெரிக்க ராணுவத் தளவாடங்களில் புகுந்ததாக 2012இல் செனட் குழு சொன்ன போலி சில்லுகளில் பல, பழைய சர்க்யூட் பலகைகளைச் சூடுகாட்டிக் கழற்றி, மேலெழுத்தைச் சுரண்டி, புதுத் தேதி அச்சடித்தவை. ஏழைக்கு மலிவாக வேண்டாமா என்பார்கள். வேண்டும்தான். பழைய உதிரியைப் பழையது என்று சொல்லியே மாட்டித் தரும் சர்வீஸ் கடைக்காரர் நல்ல காரியம்தான் செய்கிறார். சிக்கல் பொய் லேபிளில் இருக்கிறது. சார்ஜரில் ‘ஆர்’ என்று தொடங்கும் பதிவெண்ணை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் தட்டிப் பார்க்கலாம் (பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர் பார்ப்பாரா என்பது வேறு). அந்தச் சோதனையை வாங்குகிறவரிடம் விடாமல், மொத்த வியாபாரியின் கிடங்கிலேயே அதிகாரிகள் செய்தால் என்ன?