கடனுக்குச் செல்லும் ஜாமீன் கத்திரிக்காய்க்குச் செல்லாதா?

போன ஞாயிறு எங்க அபார்ட்மெண்ட் வாசல்ல இயற்கை விவசாயிகள் சங்கம் ஒண்ணு காய்கறிக் கடை போட்டிருந்தாங்க. பக்கத்து ஃபிளாட் நண்பர், சாஃப்ட்வேர்க்காரர், கத்திரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டுச் சொன்னார்: "இவங்களே ஒருத்தருக்கொருத்தர் சர்ட்டிஃபிகேட் குடுத்துப்பாங்களாம். வேலிக்கு ஓணான் சாட்சியா ஸார்?"

எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. காரணம் என் உத்தியோகம்.

பி.ஜி.எஸ்., அதாவது பங்கேற்பு உத்தரவாத முறையில, குறைஞ்சது அஞ்சு விவசாயிங்க ஒரு குழு. ஒருத்தர் நிலத்தை மத்தவங்க போய்ப் பார்த்துக் கையெழுத்துப் போடணும். ஏற்றுமதிக்கு இது செல்லாது. அதுக்கு வெளி நிறுவனம் வந்து ஆய்வு செய்யணும், செலவும் அதிகம். ஆனா உள்நாட்டு விற்பனைக்கு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2017 விதிகள் ரெண்டையுமே ஏத்துக்குது.

இப்ப என் கதைக்கு வர்றேன். இதே பெங்களூரின் மைராடா 1980-கள்ல வளர்த்த சுய உதவிக் குழுக்களைப் பார்த்துத்தான், நபார்டு 1992-ல 500 குழுக்களோட வங்கிக் கடன் திட்டத்தை ஆரம்பிச்சது. இன்னிக்கு ஒரு கோடிக்கு மேல குழுக்கள். பத்திரம் கிடையாது, நகை கிடையாது. அக்கம்பக்கத்துக்காரங்க வாக்குதான் ஜாமீன். அதை நம்பி நாங்க லட்சக்கணக்குல பணம் குடுக்கறோம். கிலோ கத்திரிக்காய்க்கு மட்டும் அந்த ஜாமீன் பத்தாதா?

யோசிச்சுப் பாருங்க. எப்பவாவது வர்ற ஆய்வாளருக்குத் தெரியாம மருந்தடிக்கலாம். பக்கத்து வயல்காரருக்குத் தெரியாம அடிக்க முடியுமா? வாடையே காட்டிக் குடுத்துடும். காத்துல அது அவர் பயிர் மேலயும் விழும். ஒருத்தர் தப்பு செஞ்சா குழுவுக்கே கெட்ட பேர். அப்ப யார் சும்மா இருப்பாங்க?

குறையே இல்லைன்னு சொல்லலை. கூட்டமே நடக்காம மினிட்ஸ் புக்கை ஒரே ராத்திரியில நிரப்பின கடன் குழுக்களை நானே பார்த்திருக்கேன். இங்கயும் நடக்கும். அதுக்கு மருந்து, வாங்கற நாமளும் வயலுக்குப் போறதுதான். "பங்கேற்பு"ங்கற வார்த்தையில நமக்கும் பங்கு இருக்கு. காசு போட்டு ஒரு எச்ச நஞ்சுப் பரிசோதனை செய்யக்கூட நாலு குடும்பம் சேர்ந்தாப் போதும்.

இன்னொண்ணு. ரசாயனத்தை நிறுத்தின முதல் ரெண்டு மூணு வருஷம் முழுச் சான்று கிடைக்காது, 'பி.ஜி.எஸ். கிரீன்' முத்திரைதான். விளைச்சல் இறங்கற காலமும் அதுதான். அப்ப நாம சாதா விலைக்குப் பேரம் பேசினா, அவர் மறுபடி யூரியா மூட்டைக்குத்தான் போவார். பேரம் பேசாம வாங்க வேண்டியது அந்த கிரீன் முத்திரைக் காயைத்தான்.

நண்பர்கிட்ட இவ்வளவையும் சொன்னேன். "சரி, அடுத்த மாசம் கார் நான் எடுக்கறேன், வயலுக்குப் போவோம்"ன்னார். போனாத்தான் நிச்சயம். அதுவரைக்கும் ஓணான்னு சொல்றதையாவது நிறுத்துவோம்.